சிவப்புப் பொட்டு இடப்பக்கம்

என் கணவர் மாரிஸ் பெட்டிட் வாழ்நாள் முழுக்கத் திரைச்சீலை மாட்டியவர். இங்கிலாந்தில் எங்கள் ஊரான ஸ்டோமார்க்கெட்டில் பாதி வீடுகளின் ஜன்னல்களை அவர் அளந்திருக்கிறார். தெருவில் நின்று ஒரு ஜன்னலைப் பார்த்தாலே போதும், எத்தனை கெஜம் துணி, எத்தனை கொக்கி என்று சொல்லிவிடுவார். அதற்கு மேல் அவருக்கு எந்த இயந்திர ஞானமும் கிடையாது. ஒருமுறை இப்ஸ்விச் போகும் சாலையில் எங்கள் கார் நின்றுபோனது. பழுது பார்ப்பவரை வரவழைத்தோம். அவர் வந்து பெட்ரோல் ஊற்றிவிட்டுப் போனார். மாரிஸ் அவருடைய திறமையை மெச்சி அவர் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார்.

இப்படிப்பட்ட மனிதர், ஓய்வு பெற்ற வருடம், ஒரு ஸ்போர்ட்ஸ் காரைத் துண்டு துண்டாகப் பெட்டிகளில் வரவழைத்தார். வீட்டிலேயே பூட்டிக்கொள்ள வேண்டிய கார். இந்த நாட்டில் அதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. அதற்கென்றே பைத்தியங்களும் இருக்கிறார்கள். ஆனால் மாரிஸுக்குக் கார் பைத்தியம் கிடையாது. அவர் அதை வாங்கியது பக்கத்து வீட்டு நெவில் தர்லோவுக்காக.

எங்களுடையது இரட்டை வீடு. நடுவில் ஒரே சுவர்; இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நெவிலும் அவர் மனைவி ஏவிஸும். கட்டியவன் எங்கள் வீட்டைக் கண்ணாடியில் காட்டி அவர்கள் வீட்டைக் கட்டியிருந்தான். எங்கள் மாடிப்படி இடப்பக்கம் என்றால் அவர்களுடையது வலப்பக்கம். ஏவிஸின் ரேடியோ நாள் முழுக்கச் சுவர் வழியாகக் கேட்கும். அவள் இறந்துபோன பிறகு ரேடியோ நின்றது. அப்புறம் திரைகள் மூடின. பகலிலும் திறக்கவில்லை.

மூடிய திரையை மாரிஸால் தாங்க முடியாது. மூன்று தடவை கழுவிய கோப்பையை மறுபடியும் கழுவிக்கொண்டே அந்த ஜன்னலைப் பார்ப்பார்.

"தெல்மா, இன்னிக்கும் திறக்கலே."

"போய்க் கதவைத் தட்டு."

"தட்டிட்டு என்ன சொல்றது?"

"சாப்பிட வாங்கன்னு சொல்லு."

"எதுக்குன்னு கேட்டாருன்னா?"

"பசிக்குன்னு சொல்லு."

மாரிஸ் என்னை ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இங்கே ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளையிடம் போய், நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், எனக்கு மனசு கேட்கவில்லை என்று சொல்லவே முடியாது. அதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் இரும்பாலோ மரத்தாலோ செய்ததாக இருந்தால் உத்தமம். மாரிஸ் ஏணியை இரவல் கேட்டார். நெவில் கதவிடுக்கு வழியாக ஏணியைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். புதர் வெட்டும் கத்தரியைக் கேட்டார். மறுநாள் காலை அது எங்கள் வாசலில் படுத்திருந்தது, கேள்வி கேட்க ஆளில்லை.

"ரெண்டு ஆளு தேவைப்படற வேலையா இருக்கணும்," என்றார் மாரிஸ், ஒரு வாரம் யோசித்த பிறகு. "சீக்கிரம் முடியக் கூடாது. எனக்குக் கொஞ்சம்கூடத் தெரியாததா இருக்கணும். நெவிலுக்கு நல்லாத் தெரிஞ்சதா இருக்கணும்."

நெவிலுக்கு என்ன தெரியும் என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் விமானப்படையில் இருந்தவர். சனிக்கிழமைகளில் நீல ஓவரால் போட்டுக்கொண்டு தோட்டத்தில் நிற்பார். விமானங்களைப் பழுது பார்த்தவர் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம். இருபது வருடத்தில் ஒருவரும் அவரிடம் கேட்டது கிடையாது. கேட்டால் மூக்கை நுழைத்ததாகிவிடும்.

பெட்டிகள் வந்தன. லாரிக்காரன் அவற்றை வாசலில் இறக்கிவிட்டுப் போனதும் தூறல் பிடித்தது. மாரிஸ் ஒன்றையும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. ஒரு பெட்டியைத் திறந்து, கையில் அகப்பட்ட நீளமான இரும்பு ஒன்றை எடுத்து, நெவிலின் மாடி ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டு அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மீன் பிடிப்பவர்கள் இப்படித்தான் பொறுமையாக நிற்பார்கள். அவர் தலைமுடி முழுக்க நனைந்த பிறகு திரையின் ஓரம் ஒரு விரல் அகலம் விலகியது. சற்று நேரத்தில் நெவில் ஓவராலோடு வெளியே வந்தார். முகம் மழிக்காமல் இருந்தது.

"தலைகீழாப் பிடிச்சிருக்கீங்களோ?" என்றார்.

"இருக்கலாம்," என்றார் மாரிஸ்.

"இல்லாமலும் இருக்கலாம்."

"டீ குடிக்கிறீங்களா?"

"சிரமம் இல்லேன்னா."

நான் சமையலறையில் நின்று அழுதேன். அப்புறம் கெட்டிலைப் போட்டேன்.

அன்று முதல் நெவில் தினமும் காலையில் கார் கொட்டகைக்கு வந்தார். மதியம் எங்களோடு சாப்பிட்டார். ஒரு நாள் மாரிஸ் பல் மருத்துவரிடம் போயிருந்தபோது நெவில் என் மாட்டிறைச்சிக் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு யோசித்தார்.

"தப்பா நினைக்காதீங்க, தெல்மா. கடைசியில ஒரு ஸ்பூன் கடுகு விழுது போட்டுப் பாருங்க."

"சமையல் தெரியுமா உங்களுக்கு?"

"அதானே என் வேலை. விமானப்படை கேன்டீன்ல ஐந்நூறு பேருக்குச் சமைச்சவன் நான்."

"அப்போ ஏரோப்ளேன்?"

"அதுல போயிருக்கேன். ஜன்னல் சீட்டு."

நீல ஓவரால் பெரிய அண்டா தேய்க்கும்போது போடுவதாம். பிறகு கேட்டேன்: "அப்படின்னா எதுக்கு ஸ்பேனரைத் தூக்கிட்டு தினம் வர்றீங்க?"

நெவில் குரலைத் தாழ்த்தினார். "மாரிஸ் பாவம். ஓய்வு பெற்ற புதுசுல சிலருக்கு இப்படி ஆகும்னு படிச்சிருக்கேன். திரை மாட்டிக்கிட்டிருந்த மனுஷன் திடீர்னு கார் கட்டறேன்னு கிளம்பினா என்ன அர்த்தம்? தனியா விட்டா எதுக்காவது அடியில மாட்டிக்குவாரு. நானாவது பக்கத்துல இருக்கேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. இடிஞ்சு போயிடுவாரு."

ஆக, இவர் அவரைக் காப்பாற்றக் கார் வாங்கியிருக்கிறார். அவர் இவரைக் காப்பாற்றக் காருக்கு அடியில் படுத்துக் கிடக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரு திருகு எந்தப் பக்கம் சுற்றினால் இறுகும் என்று தெரியாது. நடுவில் நான் குழம்பில் கடுகு விழுதைக் கலந்துகொண்டிருந்தேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

நெவிலுக்கு ஒரே மகன், ரஸ்ஸல், கனடாவில் இருந்தான். ஞாயிறுதோறும் ஃபோன் செய்வான். அப்பா, வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்பதுதான் பேச்சு. முதலில் நெவில் பதில் சொல்லவில்லை. கார் வேலை தொடங்கிய பிறகு அவருக்கு ஒரு பதில் கிடைத்தது.

"கார் முடியட்டும், ரஸ்ஸல். முடிஞ்சதும் யோசிக்கலாம்னு சொல்லியிருக்கேன்," என்று எங்களிடம் சொன்னார்.

இதைக் கேட்டபோது மாரிஸ் கையில் ஒரு டப்பா நிறைய நட்டுகளை வைத்திருந்தார். அவற்றைப் பிரித்து முடித்திருந்தார். எல்லாவற்றையும் மறுபடி ஒரே டப்பாவில் கொட்டிக் குலுக்கினார். அந்த நொடியிலிருந்து எங்கள் வீட்டில் கார் முடிந்துவிடுமோ என்ற பயம் வந்துவிட்டது.

பயப்படத் தேவையில்லாத அளவுக்கு வேலை மெதுவாகத்தான் நடந்தது. கம்பெனி அனுப்பிய கையேடு நகலுக்கு நகல் எடுத்தது. படங்கள் எல்லாம் கரிப்பிடித்த வாணலி மாதிரி இருந்தன. இடது முன் சக்கரத்துக்கான பக்கத்தில், வலது சக்கரத்தைப் போலவே செய்யவும் என்று இருந்தது. ஆவலோடு புரட்டினால், வலது சக்கரத்துக்கான பக்கத்தில், இடது சக்கரத்தைப் போலவே செய்யவும் என்று இருந்தது.

"சுருக்கமா எழுதியிருக்காங்க," என்றார் நெவில்.

"தெரிஞ்சவங்களுக்கு இது போதும்," என்றார் மாரிஸ், நெவிலைக் கௌரவிப்பதற்காக.

அந்தச் சக்கரங்களில்தான் வினை வந்தது. முன் சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைப்பதற்குக் கீழ்ப்பக்கம் ஒரு முக்கோண இரும்புக் கை உண்டு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இந்த மாதிரி வண்டிகளில் முன் சக்கரங்கள் உடம்பைவிட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கைகள் தெருவில் போகிறவனுக்கும் தெரியும். ஒரு கையில் சிவப்புப் பெயிண்டால் சின்னதாக ஒரு பொட்டு. இன்னொன்றில் நீலப் பொட்டு. எந்தப் பொட்டு எந்தப் பக்கம் என்று கையேட்டில் ஒரு வார்த்தை இல்லை.

மாரிஸுக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. எங்கள் குளியலறையில் இடது குழாயில் சிவப்பு, வெந்நீர். வலது குழாயில் நீலம், தண்ணீர். அறுபது வயது வரை தினமும் காலையில் பார்த்த உண்மை. சிவப்பை இடப்பக்கம் மாட்டினார்.

நெவில் மறுநாள் காலை வந்து அதைப் பார்த்தார். அவர் வீடு கண்ணாடிக்குள் இருக்கும் எங்கள் வீடு என்று சொன்னேன் அல்லவா? அங்கே வெந்நீர்க் குழாய் வலப்பக்கம்.

அவர் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் மாரிஸ் இடிந்துபோவார். புதன்கிழமை மாரிஸ் தேவாலயப் பாட்டுக் குழுவுக்குப் போன நேரம் பார்த்து வந்து, கைகளைக் கழற்றி, பக்கம் மாற்றி மாட்டிவிட்டுப் போனார். சமையலறை ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மாரிஸ் உள்ளே வந்து என்னிடம் கிசுகிசுத்தார்.

"நெவில் கையை மாத்தி மாட்டியிருக்காரு, தெல்மா. பாவம், ஏவிஸ் போனதுலேருந்து மனசு ஒரு நிலையில இல்லே. ஏரோப்ளேனையே கழட்டி மாட்டின மனுஷன்."

"அவர்கிட்ட சொல்லேன்."

"சே. எப்படிச் சொல்றது? வருத்தப்படுவாரு."

ஞாயிறு காலை நெவில் கல்லறைக்குப் பூ வைக்கப் போனார். மாரிஸ் கொட்டகைக்குள் நுழைந்து சிவப்பை இடப்பக்கம் கொண்டுவந்தார். திங்களன்று நெவில் பார்த்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மாரிஸைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். புதனன்று சிவப்பு வலப்பக்கம் போனது.

அந்தக் குளிர்காலம் முழுக்க இதுதான் நடந்தது. ஞாயிறு இடம், புதன் வலம். இருவரும் போகப் போக வேகம் கூடி, கண்ணை மூடிக்கொண்டு அந்த வேலையைச் செய்யும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். ஒருவர்மேல் ஒருவர் இரக்கம் மட்டும் வாராவாரம் ஏறிக்கொண்டே போனது. மாரிஸ் நெவிலுக்குக் கேக்கில் பெரிய துண்டாகக் கொடுத்தார். நெவில் மாரிஸ் எழும்போதெல்லாம் முழங்கையைப் பிடித்துவிட்டார்.

நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நான் மருந்துக்கடை கவுன்டரில் வேலை செய்கிறவள். எந்த மருந்து வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். நெவில் முகம் மழித்துக்கொண்டு வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ கேட்டது. புதன்கிழமை அவர் வேலையை முடித்துவிட்டு எங்கள் தோட்டக் கதவைச் சாத்தும்போது சீட்டியடித்துக்கொண்டே போனார். இந்த நிலையில் அந்தப் பொட்டு எந்தப் பக்கம் இருந்தால் எனக்கென்ன?

இருந்தாலும் கார் முடிந்துகொண்டுதான் வந்தது. பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்த இன்ஜின் உட்கார்ந்தது. இருக்கைகளுக்கு மாரிஸ் பச்சை வெல்வெட் உறை தைத்தார். உள்ளே லைனிங் கொடுத்து, ஓரம் மடித்து, இரண்டு வரிசைத் தையல் போட்டார். காரிலேயே ஒழுங்காக இருந்தது அது ஒன்றுதான். ஒயர்களை நெவில் இணைத்தார். பிரேக்கை அழுத்தினால் வைப்பர் ஆடியது. இடது பக்கம் திரும்ப விளக்குப் போட்டால் ஹாரன் அடித்தது. இன்ஜினை முதல் தடவை கிளப்பியபோது கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. அதற்குள்ளிருந்து இரண்டு குரல்கள் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டிருந்தன.

வீட்டில் கட்டிய காரைச் சும்மா தெருவில் ஓட்ட விடமாட்டார்கள். அரசாங்கச் சோதனை உண்டு. வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி நாரிச் பக்கம் கொண்டுபோனார்கள். சாண்ட்விச்சும் ஃப்ளாஸ்குமாக நானும் போனேன். சோதனை செய்தவள் ஒரு ஒடிசலான பெண். கையில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு வண்டி முழுக்க உருட்டினாள். பந்து தொடும் இடத்தில் கூர்முனை இருந்தால் வண்டி தோற்றது என்று அர்த்தம். மாரிஸ் எல்லா விளிம்புக்கும் ரப்பர் ஓரம் வைத்து, திரைக்கு மடிப்பு வைப்பதுபோல வைத்திருந்தார். அதைப் பார்த்து அவள் தலையாட்டினாள். பிறகு இடது பக்க விளக்கைப் போட்டாள். ஹாரன் அடித்தது.

"இது வேணும்னே செஞ்சதா?" என்று கேட்டாள்.

"முன்னாடி போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை மாதிரி," என்றார் நெவில்.

அவள் எதையோ குறித்துக்கொண்டாள். அப்போது மாரிஸ், தான் அந்த வாரம் செய்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அரசாங்க முத்திரை கிடைக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து முன் சக்கரத்தைக் காட்டினார்.

"இந்தக் கை... சிவப்பு இடப்பக்கம்தானே வரணும்?"

அவள் எட்டிப் பார்த்தாள். "எந்தச் சிவப்பு? ஓ, பொட்டா? அது கம்பெனியில ரெண்டு ஷிப்ட்காரங்க வெல்டிங்கைப் பாத்துட்டு வைக்கற அடையாளம். கை ரெண்டும் ஒண்ணுதான். எந்தப் பக்கமும் மாட்டலாம்."

மாரிஸ் நெவிலைப் பார்த்தார். நெவில் மாரிஸைப் பார்த்தார். புதன்கிழமைகளும் ஞாயிற்றுக்கிழமைகளும் இரண்டு மண்டைக்குள்ளும் வரிசையாக ஓடுவது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. நான் சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமானேன். சிரித்தால் இருவரும் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார்கள்.

திரும்பி வரும் வழியில், டிஸ் என்ற ஊரைத் தாண்டியதும் மாரிஸ் தொண்டையைச் செருமினார்.

"மழை வரும்போல இருக்கு."

"கிழக்கே கொஞ்சம் வெளுத்திருக்கு," என்றார் நெவில்.

அத்தோடு விஷயம் முடிந்தது. முடிந்ததோடு மட்டுமில்லை, ஹாரனால் வண்டி தோற்றதில் இருவருக்கும் உள்ளூரச் சந்தோஷம். ஒயரை எல்லாம் உருவிப் போட்டு மறுபடி இணைக்க வேண்டும். வசந்தம் முழுக்க அதைச் செய்தார்கள். மெதுவாகச் செய்தார்கள். ஆனால் எத்தனை மெதுவாகச் செய்தாலும் ஒயர் என்பது ஒரு இடத்தில் முடியத்தான் செய்யும். இரண்டாவது சோதனையில் வண்டி தேறியது.

நம்பர் பலகை மாட்டிய அன்று இருவரும் சவுத்வோல்டு கடற்கரைக்கு ஓட்டிப்போனார்கள். இரண்டே இருக்கை, எனக்கு இடமில்லை. கூரையும் கிடையாது. போகும்போது மழை, வரும்போது அதைவிடப் பெரிய மழை. மீனும் சிப்ஸும் சாப்பிட்டுவிட்டு, வெல்வெட்டிலிருந்து பச்சைச் சாயம் பின்பக்கம் முழுக்க ஒட்டி, பற்கள் அடித்துக்கொள்ள வந்து இறங்கினார்கள். இருவரையும் அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

அடுத்த திங்கள் நெவில் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை அவர் வீட்டு முன்னால் ஒருவன் வந்து, விற்பனைக்கு என்று எழுதிய பலகையை நட்டுவிட்டுப் போனான். திரைகள் பாதி மூடியிருந்தன.

மாரிஸ் கொட்டகைக்குப் போய், துடைத்த காரையே துடைத்துக்கொண்டிருந்தார். நான் டீயை எடுத்துக்கொண்டு போனேன். வழக்கம்போல மூன்று கோப்பை ஊற்றிவிட்டிருந்தேன். அவர் மூன்றாவதைப் பார்த்தார்.

"போய்ச் சொல்லு," என்றேன்.

"என்னன்னு?"

"போகாதீங்கன்னு."

"அவரு மகன்கிட்ட போறாரு. நான் யாரு, தடுக்க?"

"நீ போனா எனக்கு நல்லாருக்காதுன்னு ஒரு வரி. வாயில என்ன கொழுக்கட்டையா?"

மாரிஸ் போனார், கேட்டு வரைக்கும். நெவில் வாசலில் பால் பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் பேசினார்கள். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டினேன். தக்காளிச் செடி இந்த வருடம் பின்தங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னார். ஆமாம், இரவில் இன்னும் குளிர்கிறது என்று மற்றவர் சொன்னார். மாரிஸ் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு காரையே கட்டி முடித்துவிட்டார்கள். ஒரு வாக்கியத்தைக் கட்ட இரண்டு பேராலும் முடியவில்லை. தோசைக்கல் இருந்திருந்தால் இரண்டு மண்டையிலும் போட்டிருப்பேன், எங்கள் வீட்டில் வாணலிதான் இருந்தது.

மறுநாள் கடையிலிருந்து வரும்போது இரண்டு சின்ன பாட்டில் நகப்பூச்சு வாங்கிவந்தேன். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மாரிஸ் பாட்டுக் குழு ஆட்களோடு வெளியே போயிருந்தார். நான் கொட்டகைக்குள் போய் முட்டி போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பொட்டின்மேல் நீலத்தையும் நீலப் பொட்டின்மேல் சிவப்பையும் வைத்தேன். காயும் வரை ஊதினேன். திருகு ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மாரிஸ் சாயங்காலம் கொட்டகைக்குப் போனார். பிறகு வெளியே வந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நேராக நெவில் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். மறுபடியும் ஜன்னலைத் திறந்தேன்.

"நெவில், சிவப்பு வலப்பக்கம் போயிருக்கு."

நெவில் அவரையே பார்த்தார். கை இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். மாரிஸ்தான் மாற்றிவிட்டு வந்து கூப்பிடுகிறார் என்று அவர் நினைத்திருப்பார். நெவில்தான் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார் என்று இவர் நினைத்துக்கொண்டுதானே கதவைத் தட்டினார்.

"அப்படியா," என்றார் நெவில்.

"மாத்தணும்போல இருக்கு."

"மாத்திடலாம். அப்படியே விடக்கூடாது."

"ஒரு நாள் வேலை."

"ஒழுங்காச் செஞ்சா ரெண்டு நாள்," என்றார் நெவில். "இருங்க, ஓவராலைப் போட்டுக்கிட்டு வந்துடறேன்."

வெள்ளிக்கிழமை வரை அதைச் செய்தார்கள். நான் டீ கொண்டுபோனபோது நெவில் ஒரு கையைக் கழற்றி, தின்னரில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துணியில் சிவப்பு இறங்கியது. அடியில் நீலம் எட்டிப் பார்த்தது. அவர் துணியை மூக்கருகில் கொண்டுபோனார். ஏவிஸ் வாராவாரம் நகத்துக்குப் பூசுவாள். அந்த வாசனை அவருக்குத் தெரியாமல் இருக்குமா? மெல்லத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் கோப்பைகளை வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வந்துவிட்டேன். அவர் மாரிஸிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கார் மறுபடி சரியாகிவிட்டது. விற்பனைப் பலகை மட்டும் அப்படியே நின்றது. ஒரு தம்பதி வந்து நெவிலின் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் குளியலறைக் குழாய்களை மாற்ற வேண்டியிருக்கும் என்று வாசலில் சொல்லிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது. ஒரே பொய்யை எத்தனை தடவை பூச முடியும்?

அதற்கடுத்த வாரம் மருந்துக்கடையில் நான் கவுன்டரில் இருந்தபோது நெவில் வரிசையில் நின்றார். முகம் சுத்தமாக மழித்திருந்தது. இருமல் மருந்தா, மூட்டுத் தைலமா என்று நினைத்தேன். தன் முறை வந்ததும் காது சிவக்கக் கவுன்டரின் மேல் இரண்டு பாட்டில்களை வைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரஸ்ஸல் ஃபோன் பண்ணியிருந்தான். கார் இன்னும் முடியலேன்னு சொல்லிட்டேன்."

"ஆமா," என்றேன். "அதுல இன்னும் வேலை கிடக்கு."

"கிடக்கு." நெவில் சிவப்பு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். "இதுலயே பெரிய பாட்டில் வருதா, தெல்மா?"